பத்து மாத அட்வான்ஸ்

பிள்ளைகளின் படிப்புக்காகக் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சென்னைக்குக் குடிபெயரும் நாம், வாடகை, பால், பள்ளிக் கட்டணம் என இரு ஊர்ச் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்தக் கணக்கைக் கவிழ்ப்பதோ அட்வான்ஸ். 15,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாதம் என்றால் 1,50,000 ரூபாய்! ஊரில் வாடகையே அறியாதிருந்த குடும்பம் எங்கே போகும்? மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது.

2017ஆம் ஆண்டின் தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையையே வரம்பாகச் சொல்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்ற இடுக்கும் அதில் உண்டு. அந்த இடுக்கில் நுழைவோரில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

வங்கி வட்டியைத் தொடாத பேணுதலுள்ள வீட்டு உரிமையாளரே, உங்களிடம் கிடக்கும் அந்தத் தொகைக்காக உங்கள் குடித்தனக்காரர் மாதந்தோறும் வட்டி கட்டுவதை அறிவீர்களா? மூன்று மாதம் போதும் என்று சொல்ல உங்களை எது தடுக்கிறது?