முழுவதுமாகவா, துண்டு துண்டாகவா?

கணினியின் இயங்குதளத்தை எப்படிப் புதுப்பிப்பது என்பதில் லினக்ஸ் பயனர்கள் நெடுங்காலமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். டெபியன் ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை முழுப் பதிப்பாக வெளிவருகிறது. 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. ஆர்ச் லினக்ஸுக்கோ அத்தகைய பதிப்பு எண்ணே கிடையாது. ஒவ்வொரு மென்பொருளும் தயாரானதும் தனித்தனியே வந்து சேரும்.

சிறிது சிறிதாக மாற்றினால் ஆபத்தும் சிறிதாகவே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உடைந்த ஓட்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவது போன்ற வேலையன்று இது. ஒரே நிரல் தொகுப்பைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதை மட்டும் புதுப்பித்தால், பழைய வடிவத்தை நம்பியிருந்த வேறொன்று திறக்க மறுக்கலாம். அதனால்தான் ஆர்ச் லினக்ஸே, புதுப்பித்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பியுங்கள், ஒன்றை மட்டும் தொடாதீர்கள் என்கிறது. துண்டு துண்டாக வருவதற்குப் பெயர்போன அமைப்பே இப்படிச் சொல்வது கவனிக்கத்தக்கது!

2024 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு ஒன்றை ஒளித்து வைத்திருந்தனர். புதியவற்றை உடனுக்குடன் ஏற்கும் டெபியனின் சோதனைக் கிளைக்குள் அது நுழைந்துவிட்டது. நிலையான பதிப்பை எட்டவில்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் குட்டு வெளிப்பட்டது. அந்த அரை நொடியை நாமாக இருந்தால் பொருட்படுத்தியிருப்போமா?

ஆகவே ஆய்வேடு எழுதும் இறுதியாண்டு மாணவர்களுக்கு நிலையான பதிப்பே ஏற்றது என்பது என் கருத்து. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளீட்டு முறை, எழுத்துரு, சொற்செயலி ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் தமிழில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கும். ஒப்படைக்கும் வாரத்தில் அவற்றுள் ஒன்று மாறினால் என்னாகும்?

பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 2017 மே மாதம் வான்னாகிரை பரவியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே தந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தாம் மாட்டிக்கொண்டனர். டெபியனின் நிலையான பதிப்புக்கும் இத்தகைய திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றை உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். முழு மாற்றத்தைப் பருவ விடுமுறையில், கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்தபின் செய்யுங்கள். ஆனால் பல ஆண்டுகள் தள்ளிப்போட வேண்டாம். 11ஆம் பதிப்பில் இருப்பவர் 13க்கு நேராகத் தாவ டெபியன் இடம் தருவதில்லை. 12க்குப் போய்த்தான் வர வேண்டும்.