தெருவின் அகலமும் தெருக்களின் பின்னலும்

மதுரை போன்ற பழைய நகரங்களின் நெரிசலுக்குக் குறுகிய தெருக்களே காரணம் என்றும், அவை திட்டமின்றி வளர்ந்தவை என்றும், வெயில் மிகுந்த நாட்டில் எவரும் நடக்கப்போவதில்லை என்றும், ஆதலால் சாலைகளை அகலப்படுத்துவதே தீர்வு என்றும் ஒரு கருத்து பரவலாக நிலவுகிறது. இதன் எந்தக் கூறும் ஆராய்ந்து பார்த்தால் நிலைப்பதில்லை.

திட்டமின்மை என்னும் குற்றச்சாட்டு மதுரையின் வரைபடத்தைக் கண்ட அளவிலேயே வீழ்ந்துவிடும். மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழும் சதுரங்களாகத் தெருக்கள் அமைந்துள்ளன. அவற்றின் பெயர்களே விழாக்கள் நடக்கும் மாதங்களைச் சுட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டபோது உருவான வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்தச் சதுரப் போக்கையே தொடர்ந்தன.

அகலம் குறித்த வாதமே மிகுந்த தீங்கு விளைவிப்பது. அமெரிக்கப் பெருநகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த டுரான்டன், டர்னர் இருவரும், சாலை பெருகிய விகிதத்திலேயே ஏறத்தாழ ஊர்திப் போக்குவரத்தும் பெருகியதை 2011இல் காட்டினர். நடப்பவருக்கோ அகலத்தைவிடத் தெருக்களின் பின்னலே முதன்மையானது. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்பதைச் சந்திப்பு அடர்த்தி என்பர். யூயிங், செர்வெரோ ஆகியோர் முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், மக்கள்தொகை அடர்த்தியைவிடச் சந்திப்பு அடர்த்திக்கே நடையோடு பன்மடங்கு வலுவான தொடர்பு காணப்பட்டது. மாசி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் இடையே ஊடறுக்கும் சந்துகள் நடப்பவருக்குப் பல வழிகளைத் தருகின்றன. புறநகர் மனைப்பிரிவின் முட்டுச்சந்திலோ, கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் இருக்கும் கடைக்குச் செல்லவும் முதன்மைச் சாலைவரை சுற்றியாக வேண்டும். அந்தச் சாலை எத்தனை அகலமானாலும் தொலைவு குறையாது. மாறாக, நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 6 மீட்டர் தெருவை 5 நொடியில் கடக்க, 24 மீட்டர் சாலையைக் கடக்க 20 நொடி ஊர்திகளுக்கு இடையே நடக்க நேரும். முதியவருக்கு அது மேலும் நீளும்.

வெயிலைக் காரணம் காட்டுவோர் நடப்பவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் நீங்கலான தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே வேலைக்குச் சென்றனர். மேலும், குறுகிய தெருவில் இருபுறச் சுவர்களும் காலையிலும் மாலையிலும் நிழல் தருகின்றன. அகலப்படுத்தும்போது முதலில் அழிவன அந்நிழலும் மரங்களுமே. சித்திரை மாத உச்சிவெயிலை எந்தத் தெருவமைப்பும் தனித்துத் தடுக்காது என்பது உண்மைதான். அதற்கு மரமும் பந்தலும் வேண்டும், கூடுதல் தார்ப்பரப்பு அன்று.

தீயணைப்பு ஊர்தியும் ஆம்புலன்சும் நுழைய வேண்டும் என்னும் வாதம் ஒன்றே மதிக்கத் தக்கது. ஆயினும் பல தெருக்களில் அவற்றை மறிப்பவை இருபுறமும் நிறுத்திவைக்கப்பட்ட ஊர்திகளே. அவற்றை அகற்ற ஒரு வீட்டையும் இடிக்க வேண்டியதில்லை.