நீரை அளப்பாரே நிலத்தைக் காப்பார்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியொடு கலக்கும் நொய்யல், கொங்குநாட்டின் உயிரோட்டம். அவ் ஆற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டு ஓர் அணை எழுந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதி வயல்களுக்கு நீர் வழங்குதலே அதன் நோக்கம். ஆனால், அணையில் தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு! பயிருக்கென்று கட்டிய அணையின் நீரைப் பயிருக்கு விடவேண்டா என உழவரே முறையிடும் கொடுமை நேர்ந்தது.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த கேடா இது? அன்று. நீர்மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. அணைக்கு முன்பே சட்டமும் இருந்தது, வாரியமும் இருந்தது. பின் ஆறு கெட்டது எங்ஙனம்?

பருத்தித் துணியில் சாயம் பற்றுதற்கு உப்புப் பெருமளவில் வேண்டும். சுண்ணாம்பு முதலியன இட்டுக் கழிவுநீரைத் தெளியவைத்தால் நிறம் நீங்கும். கரைந்த உப்பு நீங்காது. கண்ணுக்குத் தெளிந்த நீர் மண்ணுக்கு நஞ்சாகிறது. ஆற்றில் விடும் கழிவுநீரில் இலிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் கரைபொருள் இருத்தல் கூடாது என்பது வரம்பு. அவ் வரம்பு மீறப்பட்டதைக் கண் காட்டாது, அளவைதான் காட்டும். ஆகவே நீரைக் காப்பவர், அதனை அளக்கும் ஆய்வரும், தூய்மிப்பு நிலையத்தை இராப்பகலாய் இயக்கும் பொறியாளரும் தொழிலாளருமே ஆவர்.

சென்னை உயர் அறமன்றம் 2011 சனவரி 28-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலை இழந்தனர். உழவரும் தமிழர், சாயத் தொழிலாளரும் தமிழர். உரிய காலத்தில் அளந்து, அளந்ததை அஞ்சாது சொல்லி, சொன்னதை ஆள்வோர் கேட்டிருந்தால், இருவர் வயிற்றிலும் அடி விழுந்திராது. பின்னரே, சவ்வுகளால் வடித்தும் கொதிகலன்களில் ஆவியாக்கியும் உப்பைப் பிரித்தெடுத்து, நீரை மீண்டும் பட்டறைக்கே திருப்பும் முறை வேரூன்றியது.

இப் பணி எளிதன்று. கழிவுத் தொட்டியில் எழும் நச்சுவளி முதலில் அழுகிய முட்டைபோல் நாறும்; மிகுந்தாலோ மோப்ப உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் நின்றது எனத் தொட்டியில் இறங்கியவன் திரும்புவதில்லை. காப்புக் கருவியின்றி மாந்தரைக் கழிவுத் தொட்டியில் இறக்குதலை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. எனினும் சாவுகள் ஓய்ந்தபாடில்லை. ஊரின் நீரைக் காக்கச் சென்றவன் உயிரைக் காவாத ஊர் எத்தகைய ஊர்?

செய்யவேண்டுவன மூன்று. நீராய்வர் பட்டறை முதலாளிக்கும் அரசியலார்க்கும் அஞ்சாது பணியாற்றப் பணிக்காப்பு வேண்டும். கழிவுநீர்த் தொழிலாளர்க்குக் கருவியும் பயிற்சியும் நிலைத்த ஊதியமும் வேண்டும். ஆய்வு முடிவுகள், குடிப்பவர் படித்தறியும் வண்ணம், தூய தமிழில் ஊர்ப் பொதுவிடத்தில் திங்கள்தோறும் எழுதி வைக்கப்படவேண்டும். தான் குடிக்கும் நீரின் நிலையைத் தன் தாய்மொழியில் அறியமாட்டாதவன், தன் நாட்டிலேயே அயலான்.

தமிழ் மக்களே! ஆற்றுக்கு வாயில்லை, அதன் குறையை அளந்து சொல்பவனே அதன் வாய். அவ் வாயை அடைக்க விடாதீர்!