கோப்பை வந்தது; கூலி வரவில்லை!

ஓசூரில் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது நான்கைந்து இளைஞர்கள் ரசீது புத்தகத்தோடு நின்றார்கள். கால்பந்துப் போட்டிக்கு நன்கொடையாம். "இதுவரை எவ்வளவு வசூல்? யாருக்கு எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் ஹஜ்ரத், முதல்ல கப்பு நம்ம ஊருக்கு வரட்டும்" என்றார் ஒரு தம்பி.

அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன். வியாபாரப் பெருமக்களும் படிக்க வேண்டும்.

நமக்கும் பங்குள்ள வரலாறு

கல்கத்தாவில் 1891இல் தோன்றியது முஹம்மடன் ஸ்போர்ட்டிங் சங்கம். வெள்ளையர் அணிகள் கோலோச்சிய கல்கத்தா லீக்கை 1934இல் வென்ற முதல் இந்திய அணி அதுதான். 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டத்தை விடவில்லை. அந்த வெற்றிகளில் பெங்களூரிலிருந்து போன ஆட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1937இல் வென்ற முதல் இந்திய அணியும் 'பெங்களூர் முஸ்லிம்ஸ்'தான். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்து ஊர் அது!

பிறகு நீண்ட சரிவு. 2024 ஏப்ரல் 6 அன்று ஷில்லாங்கில் லஜோங் அணியை 2-1 என்று வென்று, முஹம்மடன் முதன்முறையாக ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. மிசோரம் இளைஞர்கள், அர்ஜென்டினா, உஸ்பெகிஸ்தான் ஆட்டக்காரர்கள், ரஷ்யப் பயிற்சியாளர் என்று பலரும் சேர்ந்து உழைத்த வெற்றி. பரிசாக நாட்டின் உயர்ந்த போட்டியான ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைத்தது. நம் இளைஞர்கள் கருப்பு வெள்ளைச் சட்டை அணிந்து கொண்டாடினார்கள். தவறில்லை.

அடுத்த ஆண்டு நடந்தது என்ன?

2024-25 சீசனில் 24 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. 13 அணிகளில் கடைசி இடம்.

உடனே நம்மில் சிலர் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். "நடுவர் சரியில்லை, நம்மை வளரவிட மாட்டார்கள்!" சகோதரர்களே, ஒவ்வொரு தோல்விக்கும் வெளியில் எதிரியைத் தேடுவதை எப்போது நிறுத்தப் போகிறோம்? கோப்பை வாங்கித் தந்த அந்த ரஷ்யப் பயிற்சியாளர் சீசன் முடியும் முன்பே, 2025 ஜனவரியில் விலகினார். அவர் சொன்ன காரணம், மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்பது. பங்கு யாருக்கு எவ்வளவு என்று சங்கத்துக்கும் முதலீட்டாளர்களுக்கும் பிணக்கு. அந்தச் சண்டைக்கு நடுவே ஆட்டக்காரன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

மேல் போட்டியில் முதல் ஆண்டு கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்திய ஆண்டு இதே வழியில் மேலே போன பஞ்சாப் அணி, 12 அணிகளில் 8ஆம் இடம் பிடித்ததே!

ஒரு சங்கத்தின் கதை மட்டுமல்ல இது. ஐ.எஸ்.எல்.லை நடத்திய நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. முடியும் நாள் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் நேரத்தில் புதுப்பிக்கவில்லை. ஏலம் விட்டார்கள், கேட்க ஓர் ஆள்கூட வரவில்லை. 2025இல் தொடங்க வேண்டிய சீசன் 2026 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. கடை வாடகை ஒப்பந்தம் முடியும் தேதியை நம் மளிகைக் கடைக்காரர் மறப்பாரா?

நம் ஊருக்கு வருவோம்

சிப்காட் ஆலைகளில் காண்ட்ராக்டில் உழைக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். பத்துத் தேதி ஆகியும் சம்பளம் வராவிட்டால் கையும் ஓடாது, காலும் ஓடாது. கூலியைத் தாமதிக்காதே என்ற நபிமொழியை மேடைதோறும் சொல்கிறோம். ஆனால் நம் கடைப் பையனுக்கும், போட்டிக்கு வரும் நடுவருக்கும், பந்தல்காரருக்கும் சொன்ன தேதியில் கொடுக்கிறோமா?

போட்டி நடத்துங்கள் தம்பிகளே, தடுக்கவில்லை. மாலை நேரம் மைதானத்தில் கழிவது நல்லது. ஆனால் வசூலையும் செலவையும் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். கையில் உள்ள பணத்துக்கு மேல் பரிசை அறிவிக்காதீர்கள். கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கோப்பையைத் தூக்குங்கள்.

வியாபாரிகளே! பேனரில் பெயர் பெரிதாக வருகிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். அது அவமதிப்பு அல்ல, பொதுப்பணம் அமானிதம்.

அந்தத் தம்பி அடுத்த வாரம் ஒரு நோட்டோடு வந்தார். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். என் நன்கொடையை அன்றுதான் கொடுத்தேன்.