ஹாங்காங் பாட்டும் தூய்மைவாதிகளும்

சீனப் பாட்டில் ஆங்கிலச் சொல் விழுந்தால் அடையாளமே அழிந்தது என்று ஓலமிடுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: எந்தச் சீனம்? ஹாங்காங்வாசி வீட்டிலும் கடையிலும் பேசுவது கான்டனீஸ். அவன் கேட்கும் பாட்டுக்களில் பெரும்பாலானவை எழுதப்படுவதோ மாண்டரினை அடியொற்றிய ஏட்டுமொழியில். உச்சரிப்பு மட்டுமே அவனுடையது. இவர்கள் கேட்கும் தூய்மைக்குள் அவன் தாய்மொழிக்கே இடமில்லை.

1960களில் ஆங்கிலப் பாட்டுக்கள் பாடிக்கொண்டிருந்த சாம் ஹுய், 1974இல் 'கேம்ஸ் கேம்ப்ளர்ஸ் ப்ளே' படத்துக்குக் கான்டனீஸில் பாடினார். சீனத்துக்கு அங்கே ஆட்சிமொழி அந்தஸ்து கிடைத்ததும் அதே ஆண்டுதான். அவர் கைக்கொண்டது தெருப்பேச்சு. பஸ்ஸையும் டாக்ஸியையும் என்றோ ஜீரணித்துக்கொண்ட பேச்சு அது.

கான்டனீஸில் ஆறு தொனிகள். தொனி பிசகினால் பொருள் பிசகும். எனவே மெட்டின் ஏற்ற இறக்கத்துக்கு இசைந்த சொல்லைப் பாடலாசிரியன் தேடியாக வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு இந்தத் தளை இல்லை. தேடலுக்குச் சோம்பி, பல்லவியில் 'பேபி', 'ஐ லவ் யூ' என்று ஒட்டவைப்பது வெறும் ஜிகினா. அதைத் தாக்குங்கள், நானும் உடன் வருகிறேன்.

ஆனால் 1997 வரை பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஊரில், மேலதிகாரியிடம் ஒரு மொழி, தாயிடம் ஒரு மொழி என்று பிளவுண்டு வாழ்ந்தவன் அந்தப் பிளவையே பாடினால், அது அவன் அனுபவத்தின் மொழி. அதைக் கழுவித் துடைத்தபின் மிஞ்சும் தூய்மையில் மனிதன் இருக்கமாட்டான், இலக்கணம் இருக்கும்.