வீட்டை விற்றுப் பயணமா?

பயணம் தமிழருக்குப் புதியதன்று. பொருள் தேடிப் பிரிதலைத் தனித்துறையாக வகுத்துப் பாடிய இலக்கியம் நம்முடையது. பாலைத்திணைப் பாடல்களுட் பல வழிநடையின் துன்பத்தையே பேசுகின்றன. எனினும் அப்பாடல்களைப் பயில்வோர் ஒரு சிறு செய்தியை எளிதிற் கடந்துவிடுகின்றனர். பிரிந்து செல்லும் தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கின்றான். தலைவி அவன் சென்ற நாள்களைச் சுவரிற் கோடிட்டு எண்ணுகின்றாள். தலைவன் எத்துணைத் தொலைவு சென்றாலும் அந்தச் சுவர் அங்கேயே நிற்கின்றது. அச்சுவரையும் விற்றுப் பணமாக்கிக்கொண்டு குடும்பத்தோடு புறப்படும் புதியதொரு பயணம் இன்று நம்மிடையே காணப்படுகின்றது. அதனைத் துணிவு என்று புகழ்வோரும் உளர். அப்புகழ்ச்சியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மல்லாவி, முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவிலே, மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே செல்லும் வீதியில் அமைந்த ஊர். 1950களில் வவுனிக்குளம் திருத்தப்பட்டு, பாலியாற்றின் நீர் வயல்களுக்குப் பாயத் தொடங்கியபோது, காடு வெட்டிக் குடியேறியவர்களால் வளர்ந்த சுற்றாடல் இது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு பரப்புக் காணிக்கும் வழியற்றிருந்தோர் பலர் இங்குதான் முதன்முதலாக ஏக்கர்க் கணக்கில் நிலம் கண்டனர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதுமாக இடம்பெயர்ந்ததன் பின்னரும், 1996இல் கிளிநொச்சி வீழ்ந்ததன் பின்னரும், ஆயிரக்கணக்கானோருக்கு நிழல் தந்த ஊர்களுள் மல்லாவியும் ஒன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதே ஊர் வெறுமையாயிற்று. வந்தோருக்கு வளவு கொடுத்தவர்கள் தாமே கிழக்கு நோக்கி நடந்தனர். முகாம்களிலிருந்து அவர்கள் மீண்டபோது கூரையற்ற சுவர்களும் பற்றை மண்டிய கிணறுகளுமே எஞ்சியிருந்தன.

பின்னர் எழுந்த வீடுகளுட் பல இந்திய வீட்டுத்திட்டத்தின் உதவியோடு கட்டப்பட்டவை. ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா கிடைத்தது. எஞ்சியதைக் குடும்பத்தினர் தம் உடலுழைப்பாலும் அடகு வைத்த நகையாலும் நிரப்பினர். ஆகவே மல்லாவியில் ஒருவர் வீடு என்று சொல்லும்போது, பாட்டன் காடு வெட்டிய நிலத்தில், தந்தை கட்டி இழந்த இடத்தில், மகன் மீளக் கட்டிய வீட்டையே பெரும்பாலும் குறிக்கின்றார். பாட்டன் வாழ்ந்திருந்தால் அவரும் அதற்குக் கல் சுமந்திருப்பார்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அயலில் அத்தகைய வீடொன்றின் படலை புதிய பூட்டொன்றாற் பூட்டப்பட்டிருக்கக் கண்டேன். பள்ளிக் காலத்தில் அந்த வீட்டு விறாந்தையிலிருந்து நான் பாடம் படித்திருக்கிறேன். குடும்பத் தலைவர் காலபோகமும் சிறுபோகமும் செய்த நல்ல விவசாயி. மேட்டுக் காணியில் கச்சானும் உழுந்தும் போடுவார். அவர் கடனாளியுமல்லர், அச்சுறுத்தப்பட்டவருமல்லர். “இஞ்ச கிடந்து என்னத்தைக் கண்டம்? பிள்ளையளோட நாலு நாட்டைப் பாப்பம்” என்று சொல்லிக்கொண்டு வீட்டையும் வளவையும் விற்றாராம். சுற்றுலா விசாவில் ஒரு நாடு. அங்கிருந்து முகவர் காட்டும் வழியில் இன்னொரு நாடு. இப்போது அவர்கள் தென்கிழக்காசிய நகரொன்றில் வாடகை அறையில் இருக்கின்றனர். கொண்டுசென்றதிற் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அம்மம்மாவை மட்டும் உறவினர் வீட்டில் விட்டுச் சென்றனர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: “புளியடி வைரவருக்கு இனி ஆர் விளக்கு வைக்கிறது, தம்பி?” அவருக்கு என்னிடம் விடையிருக்கவில்லை. ஆயின் அப்பயணத்தை ஊரின் படித்த இளைஞர் வியந்து பேசியதைக் கேட்டபோதுதான் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளல் வேண்டும். உயிர் தப்ப ஓடியவர்களைப் பற்றி இக்கட்டுரை பேசவில்லை. 1983இன் பின் கையிற் கிடைத்ததை விற்றுக் கப்பலேறியவரையோ, போர் முடிந்த பின்னும் அச்சத்தோடு வாழ முடியாது வெளியேறியவரையோ வீட்டில் அமர்ந்து குறைகூறும் உரிமை எவருக்குமில்லை. தீப்பற்றிய வீட்டிலிருந்து பாய்வதும், தீப்பற்றாத வீட்டை விற்றுவிட்டுப் பாய்வதும் ஒன்றல்ல. முன்னவரின் கண்ணீரை எடுத்துப் பின்னவரின் ஆசைக்குச் சான்றாக்குவதே நம்மவர் செய்யும் முதற்பிழை.

இரண்டாவது பிழை ஒப்பீட்டில் நிகழ்வது. மேலைநாட்டுக் குடும்பங்கள் சில வீட்டை விற்றுப் பாய்மரப் படகோ வண்டியோ வாங்கி உலகைச் சுற்றுகின்றன. அவற்றைப் போல் நாமும் ஏன் துணியலாகாது என்று கேட்கின்றனர். அந்தக் குடும்பங்களின் கடவுச்சீட்டைக் கண்டதும் பெரும்பாலான நாடுகளின் வாயில்கள் திறந்துவிடும். நோயுற்றால் திரும்பிச் செல்ல மருத்துவமனையும், வேலையிழந்தால் தாங்கிக்கொள்ள அரசும் அவற்றுக்கு உண்டு. அவர்கள் வீட்டை விற்கின்றனரேயன்றித் திரும்பும் உரிமையை விற்பதில்லை. நமது விவசாயிக்கோ அந்த அரை ஏக்கர் வளவே வங்கி. அதுவே ஓய்வூதியம், அதுவே காப்புறுதி. அதனை விற்ற மறுகணமே அவர் பயணி என்ற நிலையிலிருந்து ஏதிலி என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றார். பெயர் ஒன்றாயிருப்பதனால் இரண்டு பயணங்களும் ஒன்றாகிவிடா.

மூன்றாவதாக, தமிழ் கற்ற நாமே இதற்கு இலக்கியச் சான்று தேடிக் கொடுக்கின்றோம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு இன்று வழியனுப்பு விழாக்களின் வாழ்த்துமொழியாகிவிட்டது. முதலடியோடு நின்றுவிடாது முழுப்பாட்டையும் படிப்போர் வேறொன்றைக் காண்பர். ஆற்று வெள்ளம் ஈர்த்துச் செல்லும் தெப்பத்தைப் போல உயிர் முறைவழியே செல்வதை அப்புலவர் எண்ணிப் பார்க்கின்றார். பெரியோரை வியத்தலையும் சிறியோரை இகழ்தலையும் விலக்குகின்றார். அது மனத்தின் சமநிலையைப் பேசும் பாட்டு. காணி உறுதியைக் கைமாற்றுமாறு அது எவரையும் தூண்டவில்லை.

நான்காவது வாதம் முற்போக்கின் பெயரால் வருவது. ஆதலின் அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் கொண்ட பற்று நிலமானிய மனப்பான்மை என்றும், அதனை அறுத்தெறிபவனே புதுமனிதன் என்றும் கூறுவர். குடாநாட்டின் நாற்சார் வீடுகளைப் பற்றி இவ்வாறு கூறின் அதில் உண்மையுண்டு. அவ்வீடுகளின் பெருமை, பிறருக்குக் கிணற்றையும் நிலத்தையும் மறுத்ததன் மேல் எழுந்ததே. வன்னியின் குடியேற்ற வீடு அத்தகையதன்று. சாதியாலும் வறுமையாலும் நிலமற்றிருந்தவர் இங்கு வந்து நிலமுடையோர் ஆயினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழருட் பலர், 1977இலும் 1983இலும் வன்முறைக்குத் தப்பி வன்னிக்கு வந்து, லயன் அறையன்றி வேறு வீடறியாத தம் பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஒரு கூரையைச் சொந்தமாகக் காட்டினர். நிலமானியப் பிரபு நிலத்தைப் பற்றிக்கொள்வதும், நேற்று நிலம் பெற்ற கூலியாளின் மகன் அதனைப் பற்றிக்கொள்வதும் ஒரே பற்று எனச் சொல்வது, வரலாற்றை அறியாதார் வாதம். அம்மகன் அதனை விற்கையில் வாங்குபவர் யார் என்பதையும் நோக்குக. பக்கத்து வளவின் நிலமற்ற இளைஞனால் அதனை வாங்க இயலாது. வெளியூர்ப் பணமும் வெளிநாட்டுப் பணமுமே வாங்குகின்றன. நிலம் மீண்டும் உள்ளவனிடமே சென்று சேருமாயின், முற்போக்கு எங்கே இருக்கின்றது?

கடல்கடந்து பொருள் தேடுதல் தகாதென்று நாம் சொல்லவில்லை. நம் முன்னோர் சென்றனர். எவ்வாறு சென்றனர் என்பதே கேள்வி. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் வேலைக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவருட் பலர் ஊரில் வீட்டை வைத்துவிட்டே சென்றனர். அங்கிருந்து வந்த பணம் கிணற்றையும் பாடசாலையையும் கட்டியது. ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை ஊர் ‘மலாயன் பென்சனியர்’ என்றழைத்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் வட்டித்தொழில் செய்து, 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல்நிலத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்குக்கு உடையராயினர். அந்நிலம் கடனில் மூழ்கிய பர்மிய உழவரிடமிருந்து சென்றது என்பதும் மறக்கற்பாலதன்று. 1942இல் யப்பானியர் படையெடுத்தபோதும், 1962இல் ஏற்பட்ட படையாட்சியைத் தொடர்ந்து நாட்டுடைமையாக்கம் வந்தபோதும், அச்செல்வம் கைநழுவிற்று. ஆயினும் காரைக்குடியிலும் சூழவுள்ள ஊர்களிலும் அவர்களுக்கு வீடு இருந்தது. திரும்புவதற்கு ஒரு வாசல் இருந்தது. பர்மாவுக்குச் செல்லும் செலவுக்கு அவ்வீட்டையே விற்றிருந்தால் அவர்கள் எங்கே திரும்பியிருப்பர்?

இன்றைய பயணத்தின் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். 2010 ஓகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. தலைக்கு இருபதினாயிரம் முதல் முப்பதினாயிரம் கனேடிய டொலர் வரை அறவிடப்பட்டதாக அக்காலச் செய்திகள் கூறின. கரையேறியோர் முதலிற் கண்டது தடுப்பு நிலையத்தையே. 2013 செப்டெம்பரில் அவுஸ்திரேலியா தன் கடல் வழியைப் படைகொண்டு அடைத்தது. 2022 நவம்பரில் 303 பேரோடு கடலில் தத்தளித்த படகொன்றிலிருந்தோரை யப்பானியக் கப்பலொன்று மீட்டு வியட்நாமிற் சேர்த்தது. அவர்களுட் பலர் அவ்வாண்டு முடியுமுன் இலங்கைக்குத் திரும்பினர். வீட்டை விற்றுப் புறப்பட்டவன் விமான நிலையத்தில் வந்திறங்கி, எந்த ஊருக்குப் பேருந்தேறுவான்? பயணத்தைப் புகழ்வோர் இந்தக் கேள்விக்கு விடையிறுத்தல் வேண்டும்.

விற்பனைக்கு யாருடைய கையொப்பம் பெறப்படுகின்றது என்பதும் சிந்திக்கற்பாலது. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியையே கணவனின் எழுத்து மூல இசைவின்றிக் கைமாற்ற இயலாது. கணவனுக்கோ தன் சொந்தக் காணியை விற்க மனைவியின் இசைவு வேண்டியதில்லை. குடியேற்றக் காணிகளின் அனுமதிப்பத்திரமோ பெரும்பாலும் ஆணின் பெயரிலேயே உளது. ஆகவே அடுப்படியும் கிணற்றடியும் தன் உழைப்பால் உருவான பெண்ணிடம் ஒரு சொல்லும் கேட்காமலே வீடு கைமாறக் கூடும். குடும்பமாகத் துணிந்தோம் என்று பேசப்படும் இடங்களில், துணிந்தவர் ஒருவரே என்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

அனுமதிப்பத்திரக் காணியில் மற்றுமொரு கேடு மறைந்துள்ளது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அதனை அதிகாரியின் எழுத்து மூல இசைவின்றி விற்றல் செல்லாது. எனவே விற்பனை மறைவில், ஒரு தாளில் நடைபெறுகின்றது. வாங்குபவருக்கு உறுதி கிடைப்பதில்லை. அதனைக் காட்டி அவர் விலையைக் குறைக்கின்றார். ஏழையின் நிலம் கைவிட்டுப் போகலாகாது என்று இயற்றப்பட்ட சட்டம், விற்பனையைத் தடுக்கமாட்டாமல், ஏழை பெறும் விலையை மட்டும் குறைத்துவிட்டது.

இவற்றுக்கு மாற்றுவழி இல்லையா? நம் பழைய வழக்கிலேயே உண்டு. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை ஒற்றி என்னும் ஏற்பாட்டை எடுத்துரைக்கின்றது. பணம் கொடுத்தவர் நிலத்தின் விளைவை வட்டிக்கீடாக எடுத்துக்கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுத்ததும் நிலம் உடையவரிடம் மீளும். அறுதியாக விற்க நேர்ந்தாலும் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற வழக்கும் உண்டு. 1947ஆம் ஆண்டின் சட்டமும் அவ்விரு சாராருக்கும் அம்முன்னுரிமையை உறுதி செய்கின்றது. நம் முன்னோருக்கும் பணமுடை வந்தது. தூரதேச ஆசையும் வந்தது. ஆயின் போகிறவன் ஒருநாள் திரும்புவான் என்ற எண்ணத்தை அவர்கள் வழக்காகவே எழுதிவைத்தனர். உறுதிக் காணியுடையோர் இவ்வழியை இன்றும் கைக்கொள்ளலாம். அனுமதிப்பத்திரக் காணியுடையோருக்கு, பிரதேச செயலகத்தில் வெளிப்படையாகப் பதிந்து, குறித்த காலத்துக்கு மட்டும் நிலத்தைப் பிறர் பயிர்செய்ய விடும் எளிய முறையொன்று வேண்டும் என நாம் கோருதல் வேண்டும். மறைவுத் தாள்களின் முன் அது எவ்வளவோ மேலானது.

இறுதியாக நம்மை நோக்கி ஒரு சொல். ஊரை விட்டு வந்து பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து உலகப் பயணத்தின் மாண்பை எழுதுகின்ற நமக்கு, விடுமுறை வந்தால் மாங்குளத்தில் இறங்கி மேற்கே செல்ல ஒரு வீடு இருக்கின்றது. அந்த வசதியில் நின்றுகொண்டு பிறர் வீடு விற்பதைக் கைதட்டி வரவேற்பது அறமன்று. நீர்ப்பாசனமும் நியாயமான நெல்விலையும் இளைஞருக்குத் தொழிலும் கேட்டுப் போராடுவதினும், போகிறவனைப் புகழ்வது நமக்கு எளிதாயிருக்கின்றது. அந்த எளிமையை நாம் கைவிடுதல் வேண்டும். உலகைக் காண விரும்புவோர் காணட்டும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லட்டும். புறப்படுமுன் படலையைச் சாத்தித் திறப்பை அயலாரின் கையிற் கொடுத்துவிட்டுச் செல்லட்டும். அவர்கள் வரும்வரை புளியடியில் விளக்கு வைப்பதற்கு அம்மம்மா ஆயத்தமாகவே இருக்கின்றார்.