இலையையும் காட்டுங்கள்

"இது என்ன பூ?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் வருகிற படங்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. நடுவில் பூ, நேர் எதிரே பார்த்தபடி, பெண் பார்க்க அனுப்பின போட்டோ மாதிரிப் பளிச்சென்று. பின்னால் இருக்கிற இலை, காம்பு, தொட்டி, மதில் எல்லாவற்றையும் செல்போனே கலங்கலாக்கி வைத்திருக்கும். எருக்கஞ்செடியைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதப்போய், அன்றிலிருந்து எனக்கு இந்தப் படங்கள் வருகின்றன. என் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: இலையையும் காட்டுங்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. பூவைத்தானே கேட்டேன், இலை எதற்கு என்கிறார்கள்.

தாம்பரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பிய படமும் அப்படித்தான் வந்தது. மஞ்சள் பூ, குழல் வடிவம், ஐந்து இதழ். பழைய வீட்டை வாங்கியபோதே மதிலோரம் நின்ற செடியாம். "பக்கத்து வீட்டுல அரளிங்கறாங்க. நர்சரிக்காரர் அலமண்டாங்கறார். என் தங்கச்சி ரெண்டும் இல்ல, ஹைவேஸ்ல நடுவுல வச்சிருக்காங்களே, அதுங்கறா. நீங்க சொல்லுங்க சார்." மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று செடிக்கும் பூ மஞ்சள், மூன்றும் குழல், மூன்றும் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்து நம் வாசல்களில் வேர்விட்டவை.

செடியோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பத்துக்கு இடமில்லை. அலமண்டாவுக்குப் பூ பெரிது, வாய் நன்றாக அகன்று விரியும். ஒரு கணுவில் மூன்று நான்கு இலைகள் வட்டமாக நிற்கும், தொட்டால் வழவழப்பு. கொடியாகவும் இல்லாமல் புதராகவும் இல்லாமல் பக்கத்தில் இருப்பதன்மேல் சாயும். இலையைக் கிள்ளினால் பால் வரும். நெடுஞ்சாலை நடுத்திட்டில் செவ்வரளிக்குத் துணையாக நிற்பது டெக்கோமா. அதற்கு ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை. ஒவ்வொரு இலையும் பல சிற்றிலைகளாகப் பிரிந்து, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும். கிள்ளினால் பால் கிடையாது. பூ உதிர்ந்த பிறகு ஒல்லியான நீளக் காய்கள் கொத்தாகத் தொங்கி, வெடித்தால் காகிதச் சிறகு வைத்த விதைகள் பறக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த பாதிரி மரமும் இதுவும் ஒரே குடும்பம். பஹாமாஸ் நாட்டுக்காரர்கள் இந்த டெக்கோமாவைத்தான் தேசியப் பூவாக வைத்திருக்கிறார்கள். நாம் லாரிப் புகைக்கு நடுவே விட்டிருக்கிறோம். அதற்கென்னவோ குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது மஞ்சள் அரளி. இதற்குப் பூ முழுக்க விரிவதே இல்லை. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொண்டு அரைகுறையாகத் திறந்து நிற்கும். இலை ஒற்றை ஒற்றையாகக் கிளையைச் சுற்றி நெருக்கமாக இருக்கும். விரலைவிட நீளம், ஆனால் அரை அங்குல அகலம்கூடத் தேறாது. கிள்ளினால் பால் வழியும். காய் சதைப்பற்றாக, மூலை தெரிகிற மாதிரி, பச்சையாகத் தொடங்கிக் கறுத்து முடியும். உள்ளே கெட்டியான கொட்டை.

நான் கேட்டபடி இலையைப் படமெடுத்து அனுப்பினார் அந்த அம்மா. கூடவே கேட்காத ஒரு படமும் வந்தது. அவருடைய பேரன் அந்தப் பச்சைக் காய்களைச் சொப்புச் சட்டியில் போட்டுச் சமையல் செய்துகொண்டிருக்கிறான். எழுதிக்கொண்டிருக்காமல் போன் செய்துவிட்டேன். மஞ்சள் அரளியின் எல்லாப் பாகங்களிலும் இதயத் துடிப்பைக் குலைக்கிற நஞ்சு உண்டு, கொட்டையில் மிக அதிகம். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கும் இது பழகிய நஞ்சு. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 1980களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று வீட்டில் எதையும் கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவன் வாயில் வைக்கவில்லை. "அப்ப வெட்டிடவா சார்?" என்றார். பேரனுக்குச் சொன்னால் புரிகிற வயது வரும்வரை அந்தச் செடி அங்கே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், சொன்னேன். செவ்வரளியிலும் இதே வகை நஞ்சுதான் என்பதையும் சொல்லிவைத்தேன்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, பூத்தால் போதாதா என்று கேட்கிறவர்களிடம் இந்தக் காயைத்தான் காட்டுவேன். ஆனால் பூவை மட்டும் நம்ப முடியாமல் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. எனக்கு அதில்தான் ஆர்வம் அதிகம். தோட்டத்துச் செடியில் மனிதன் கை அதிகம் பட்ட இடம் பூதான். இலையை மாற்ற வேண்டும் என்று யாரும் பெரிதாகப் பாடுபடவில்லை. பூவைத்தான் பெரிதாக்கினார்கள், நிறம் மாற்றினார்கள், அடுக்கடுக்காக்கினார்கள்.

1735ல் லின்னேயஸ் பூவுக்குள் இருக்கிற மகரந்தத்தாள்களை எண்ணியே செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். அவரிடம் அடுக்குச் செம்பருத்தியைக் கொடுத்தால் எதை எண்ணுவார்? சாதாரணச் செம்பருத்தியில் ஐந்து இதழுக்கு நடுவே நீளமாக ஒரு தூண், அதில் மகரந்தம், நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு. அடுக்குச் செம்பருத்தியில் அந்தத் தாள்களில் பல இதழாகிவிட்டிருக்கும். இப்படிப்பட்ட பூக்களை லின்னேயஸ் கோணல் பிறவிகள் என்று ஒதுக்கிவைத்தார். ஜெர்மன் கவிஞர் கதே அதே பூக்களை எடுத்துவைத்துக்கொண்டு, 1790ல் எழுதிய சிறு நூலில், தாளும் இதழும் இலையும் அடிப்படையில் ஒரே உறுப்பின் வேறு வேறு உருவங்கள் என்று வாதாடினார். தாவரவியலாளர் ஒதுக்கியதைக் கவிஞர் ஊன்றிப் பார்த்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். 1991ல் என்ரிகோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் அதற்கு மரபணுக் கணக்கு எழுதிக்காட்டினார்கள். பூவின் உறுப்புகளை மூன்று வகை மரபணுக்கள் கூட்டாகத் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒரு வகை வேலை செய்யாமல் போனால் மகரந்தத்தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வந்துவிடும். ஒரு கோளாறு, நர்சரியில் அதற்கு விலை கூடுதல்.

அடுக்கு நந்தியாவட்டையைப் படத்தில் மட்டும் பார்த்தால் கார்டேனியா என்பார்கள், குண்டுமல்லி என்பார்கள். ஓர் இலையைக் கிள்ளினால் முடிந்தது விஷயம். நந்தியாவட்டையில் பால் வரும், மற்ற இரண்டிலும் வராது. பால், எதிரெதிர் இலை, ஒன்றன்மேல் ஒன்று திருகிய இதழ் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அரளிக் குடும்பமா என்று யோசிக்கலாம். நந்தியாவட்டை, பெருங்கள்ளி, அலமண்டா, அடீனியம் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். இலை அமைப்பு சில பிள்ளைகளுக்கு மாறும் என்பதை மஞ்சள் அரளியில் பார்த்தோம். கிள்ளிய கையைக் கழுவிவிடுங்கள், கண்ணில் வைக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை, பூ என்று நாம் படமெடுக்கிற பகுதி சில செடிகளில் பூவாகவே இருக்காது. காகிதப்பூவில் சிவப்பும் ஆரஞ்சுமாக ஜொலிப்பவை நிறமேறிய இலைகள். பூ உள்ளே இருக்கிறது, மூன்று சின்னக் குழல்கள், வெள்ளையாக, யாரும் கவனிக்காமல். அதே குடும்பத்து அந்திமந்தாரையில் இதழே கிடையாது. நிறமாகத் தெரிவது புல்லி வட்டம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பந்து பந்தாகப் பூக்கிற ஹைட்ராஞ்சியாவிலும் கண்ணில் படுவது புல்லிகள்தான். அதன் நிறமோ மண்ணைப் பொறுத்தது. புளிப்பு மண்ணில் செடி அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகும், இல்லாவிட்டால் இளஞ்சிவப்பு. ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, பிறகு இளஞ்சிவப்பாகி, சிவப்பில் முடிகிறது. ஆகவே "சார், பிங்க் கலர் பூ, என்னன்னு சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் நான் மௌனமாகிவிடுகிறேன்.

உலர்த்திய செடிகளை வைத்து வேலை செய்கிறவர்கள் நிறத்தை இந்த அளவுக்கு நம்புவதில்லை. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 'மெட்ராஸ் ஹெர்பேரியம்' என்ற பழைய பெயரோடு உலர்தாவரத் தொகுப்பு அங்கேதான். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு தாளில் ஒட்டிவைத்திருப்பது கிளைத்துண்டு, இலை, பூ, கிடைத்தால் காய். நிறமும் வாசனையும் பாலும் காய்ந்ததும் போய்விடும் என்பதால், செடியைப் பறிக்கும்போதே அவற்றை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கேம்பிள் என்ற வன அதிகாரி தொடங்கி, அவர் இறந்த பிறகு ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915லிருந்து 1936வரை பகுதி பகுதியாக வந்தது. அதில் செடியைக் கண்டுபிடிக்க ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போக வேண்டும். படிக்கு ஒரு கேள்வி: இலை எதிரெதிரா, மாறிமாறியா? சூலகம் மேலா, கீழா? எத்தனை அறை? அழகாக இருக்கிறதா என்று அது எங்கும் கேட்பதில்லை. காட்டுச் செடிகளை மனதில் வைத்து எழுதியது என்பதால் நர்சரிச் சரக்கில் பாதி அதற்குள் சிக்காது என்பது வேறு விஷயம்.

இப்போது செல்போன் செயலிகள் வந்துவிட்டன. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் நடத்துகிற பிளான்ட்நெட், படம் கொடுத்ததும் இது இலையா, பூவா, காயா, பட்டையா என்று உறுப்பைக் கேட்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை. பதிலோடு எத்தனை சதவீதம் நம்பலாம் என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் அந்தச் சதவீதத்தைப் பார்ப்பதில்லை, முதலில் வருகிற பெயரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். முதல் தடம் காட்ட இது நல்ல உதவி. சமையலுக்கோ மருந்துக்கோ இதை நம்பி எதையும் பறிக்கக் கூடாது.

சில சமயம் பூவே போதுமானதாக இருக்கும், அதை எண்ணத் தெரிந்தால். இட்லிப்பூ என்று சொல்லி வாங்கிய தொட்டிச் செடி பென்டாஸாக இருக்கலாம். இட்லிப்பூவுக்கு நான்கு இதழ், பென்டாஸுக்கு ஐந்து. இலையைத் தடவினால் ஒன்று தடித்து வழுவழுப்பு, மற்றது மெல்லிய ரோமம். துளசி வகையா என்ற சந்தேகத்துக்குத் தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் போதும், சதுரம் தட்டுப்படும்.

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி ஊதாப் பூ ஒன்றை அனுப்பியிருந்தாள். நல்ல படம், இலையும் தண்டும் தெரிந்தன. புல்லியை மட்டும் பூவே மறைத்துவிட்டது. டிசம்பர் பூ என்று பாட்டி சொல்கிறாராம், டிசம்பர் இன்னும் வரவில்லையே என்பது அவள் சந்தேகம். சரியான சந்தேகம். டிசம்பர் பூவில் பூவுக்கு அடியில் ஓரம் பல் வெட்டிய பெரிய புல்லி இருக்கும், குளிர் தொடங்கும்போதுதான் பூக்கும். இதற்குப் பின்னால் புல்லி எப்படி, மத்தியானத்துக்குமேல் பூ என்ன ஆகிறது என்று கேட்டேன். மெல்லிய ஐந்து நுனிகள்தான், சாயங்காலத்துக்குள் கொட்டிவிடுகிறது என்றாள். அப்படியானால் ரூயெல்லியா. இருந்தாலும் காய்ந்து பழுப்பான காய் இருந்தால் ஒன்றைப் பறித்து டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பள்ளிக்கூட வேலியோரம் எச்சில் தொட்டு வெடிக்கவைத்த பட்டாசுக்காயும் இந்த ரூயெல்லியாக் கூட்டம்தான். ஈரம் பட்டதும் காய் இரண்டாகப் பிளந்து விதையைத் தெறிக்கவிடும்.

கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. "வெடிச்சிடுச்சு சார்! மேஜையெல்லாம் விதை. அம்மா இன்னும் நாலு காய் பறிச்சிட்டு வரச் சொல்றாங்க."